எலி குடிக்காத தண்ணீர்

கோபம் வந்தால் பொரிந்து தள்ளிவிடுவாள் என்பதால் ஆராய்ச்சிக்கூடத்தில் அவளுக்குக் கடுகு என்றே பெயர். ரத்தக் கொதிப்பு உள்ள எலிகளைப் பார்த்துக்கொள்வது வேலை. கூண்டு கழுவுவாள், தண்ணீர்ப் புட்டிகளை நிறுப்பாள், எலியின் வாலைக் கதகதப்பாக்கிச் சின்னப் பட்டை மாட்டிப் பிரஷர் பார்ப்பாள். பதினெட்டு வருஷத்தில் அவள் எழுதிய எண் ஒன்றைக்கூட யாரும் திருத்தியதில்லை.

அந்த வருஷம் பெரிய டாக்டர் புதுச் சோதனை ஒன்றைத் தொடங்கினார். ரத்தம் மிகுந்து இதயத்தின் மேலறைகள் விரியும்போது அங்கே ஒரு ஹார்மோன் சுரக்கும். அது சிறுநீரகத்துக்குப் போய் உப்பையும் நீரையும் வெளியேற்ற வைக்கும். அதே ஹார்மோனை மூளைக்குள் விட்டால் என்ன ஆகும்? பாதி எலிகளுக்கு மெல்லிய குழாய் வழியாக அதைச் செலுத்தினார். மீதிக்கு மருந்தில்லாத திரவம். எந்தக் கூண்டில் எது என்று அவளிடம் சொல்லவில்லை.

உப்புத் தண்ணீர் என்றால் அந்த எலிகளுக்கு உயிர். ஆனால் சில கூண்டுகளிலிருந்து புட்டிகள் வைத்தது வைத்தபடி திரும்பின. அந்த எலிகளின் பிரஷரும் இறங்கியிருந்தது. கண்டதைக் கண்டபடி எழுதினாள்.

பதினோராம் நாள் டாக்டர் நோட்டைப் புரட்டினார். உடம்பிலிருந்து நீர் போனால் தாகம் கூடத்தானே வேண்டும், மருந்து செலுத்திய எலிகள் எப்படிக் குடிக்காமல் இருக்கும் என்றார். பதினொரு நாள் கணக்கையும் சிவப்பு மையால் அடித்து, ‘ஊழியரின் அலட்சியம்’ என்று எழுதினார்.

வீட்டில் சொன்னபோது, எலி குடித்தால் என்ன, குடிக்காவிட்டால் என்ன, விட்டுத்தள்ளு என்றார் அவள் கணவர். அவளுக்கு எரிகிற தீயில் எண்ணெய் வார்த்ததுபோல் இருந்தது. சாப்பிடாமலே படுத்தாள்.

மறுநாள் காலை டாக்டரின் அறைக்குள் போய் நின்றாள்.

“எந்த எலிக்கு மருந்துன்னு எனக்குத் தெரியாது. என் அலட்சியம் மட்டும் மருந்து போட்ட எலியாப் பார்த்துத் தேடிப் போச்சா?”

அவர் நோட்டை எடுத்துக் கூண்டு எண்களை மறுபடி பார்த்தார்.

ஒரு வாரம் புட்டிகளை அவரே எடை போட்டு, மூடி மேல் காகிதம் ஒட்டிக் கையெழுத்தும் போடட்டும் என்றாள். வேறு வழியில்லாமல் செய்தார். அதே எண்கள்தான் வந்தன. இதயத்தின் ஹார்மோன் சிறுநீரகத்தோடு நிற்கவில்லை. மூளையிலும் தாகத்தையும் உப்பாசையையும் அடக்கி, ரத்தக் குழாய்களை இறுக்கும் நரம்புகளைத் தணித்துப் பிரஷரைக் குறைத்தது. கூட்டத்தில் இதை விளக்கிய டாக்டர், தனக்கு முதலிலேயே தோன்றியது என்று கூசாமல் சொன்னார். கட்டுரையின் கடைசியில் அவளுக்கு நன்றி போடுவதாகவும் சொன்னார்.

அவள் நோட்டைக் கொண்டுபோய் அவர் முன் விரித்தாள். “நன்றியெல்லாம் வேணாம் டாக்டர். நீங்க எழுதினதை நீங்களே அடிங்க.”

போனது போகட்டும் என்று மழுப்பினார். அவள் நகரவில்லை. வாசலில் இரண்டு பேர் வந்து காத்து நின்றார்கள், அப்போதும் நகரவில்லை. கடைசியில் அவர் பேனாவைத் திறந்து அந்த வரியை அடித்து, ‘அளவு சரி’ என்று எழுதிக் கையெழுத்திட்டார்.

அதன் பிறகும் ஆறு வருஷம் அவரிடம்தான் வேலை பார்த்தாள். கோபம் ஆறவில்லை, கேட்டதற்குப் பதில், அவ்வளவுதான். அவள் ஓய்வு பெற்ற நாளில் அவர் அவளுடைய பொறுமையைப் பற்றிக் கால் மணி நேரம் புகழ்ந்து பேசினார். பிறகு மைக்கை அவளிடம் நீட்டினார்கள்.

“டாக்டர் தப்பாச் சொல்றார். எனக்குப் பொறுமையே கிடையாது” என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தாள்.