சீமைக்குப் போய்வந்த ஆட்டுத்தோல்

வேலூரில் ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்தில் நான் டீச்சராகச் சேர்ந்த மறு வருஷம், கோடை விடுமுறையில் நடந்தது இது. ஊரில் ஓர் ஆராய்ச்சி நூல்நிலையம் இருந்தது. அதில் பூட்டியே கிடந்த பழம்பொருள் அறையைத் தூசி தட்டி அடுக்க ஆள் வேண்டுமென்றார்கள். வேலூர் வெயிலில் வீட்டில் உட்கார்ந்து விசிறிக்கொண்டிருப்பதற்கு இது தேவலை என்று நான் போனேன்.

அந்த அறையின் நிர்வாகி, சிரிப்பை எங்கேயோ அடகு வைத்துவிட்டு மீட்க மறந்தவர் மாதிரி இருப்பார். ஈரக் கை படக் கூடாது, வெற்றிலை கூடாது, புத்தகத்தின் பக்கம் திரும்பித் தும்மக் கூடாது. ஆனால் அறைக்குள் இருந்தவை எல்லாம் அதிசயம்! சுண்டுவிரல் நீளமே உள்ள ஓலைச்சுவடி ஒன்று. துணியில் வரைந்த ஏரிப் படம் ஒன்று. அதில் காவேரிப்பாக்கம் ஏரியில் ஒரு மீன், கரையில் நிற்கும் மாட்டு வண்டியைவிடப் பெரியது. கண்ணாடித் தகட்டில் எடுத்த போட்டோக்கள் ஒரு பெட்டி நிறைய. ஜன்னலுக்கு நேராகப் பிடித்தால் முகமெல்லாம் கறுப்பாகவும் கூந்தலெல்லாம் வெளுப்பாகவும் யார் யாரோ என்னைப் பார்த்தார்கள். எனக்குச் சாப்பாட்டு நினைவே வரவில்லை.

நிர்வாகிக்கு உயிர் ஒரு புத்தகத்தின் மேல். தமிழில் அச்சு வந்த புதிதில் அச்சானது. அட்டை உளுத்துப் போனதால் மகாயுத்தம் முடிந்த கையோடு அதை லண்டனுக்கு அனுப்பி, புதுத் தோல் அட்டை கட்டி வரவழைத்திருந்தார்கள். "சீமையில கட்டினது, சீமைத் தோல்" என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்லுவார். அதைத் துடைக்கும்போது அட்டையின் உட்பக்கத்தில் ஒட்டியிருந்த தாள், மூலையில் பசை விட்டுத் தூக்கிக்கொண்டிருந்தது. அடியில் உள்ளே மடித்த தோலின் ஓரம் தெரிந்தது. அந்த ஓரத்தில் கோழிக்கால் மாதிரி ஒரு வெட்டு. நடு விரல் மட்டும் முனையில் கொஞ்சம் வளைந்திருந்தது.

அது என் நைனா போடும் குறி.

நைனா என்று நான் கூப்பிடும் அப்பா, ஆம்பூரில் ஒரு தோல் மண்டியில் தோல் பதனிடும் குழி வேலை பார்ப்பவர். தோலை ஊறப்போடுமுன் வால் பக்கத்து ஓரத்தில் உளியால் வெட்டுவார்கள். ஒரு குழித் தோல் இன்னொரு குழியோடு கலந்தால் பிரிக்க அதுதான் அடையாளம். சுண்ணாம்பில் ஊறினாலும் ஆவாரம்பட்டைத் தண்ணீரில் ஊறினாலும் அந்த வெட்டு போகாது. நைனாவின் உளி முனை உடைந்தது. புது உளி வாங்கித் தந்தாலும் தொட மாட்டார். அதனால் அந்த வளைவு. என் ஸ்லேட்டுச் சட்டத்திலும் தகரப் பெட்டியிலும் அதையே வெட்டித் தந்திருந்தார்.

அந்தக் குறியைப் பார்த்ததும் எனக்கு அழுகை வந்ததற்குக் காரணம் வேறு. நான் ஹாஸ்டலில் படித்தபோது ஒரு நாள் நைனா என்னைப் பார்க்க வந்திருந்தார். அங்கிருந்த ஓர் அம்மாள் முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டு எழுந்து போனாள். நைனா அதைப் பார்த்துவிட்டார். அதோடு சரி. அப்புறம் வேர்க்கடலையோ கருவாடோ கொண்டுவந்தால் கேட்டிலேயே கொடுத்துவிட்டுப் போய்விடுவார். வேலை கிடைத்து நான் தனி வீடு எடுத்த பிறகும் வாசலைத் தாண்டி வந்ததில்லை. பெற்ற மகள் ஆக்கிய சோற்றை அவர் வேலூரில் ஒரு வேளைகூடச் சாப்பிட்டதில்லை.

"இன்னாம்மா, கிழிச்சிட்டீங்களா?" என்று நிர்வாகி பதறி ஓடிவந்தார்.

"இல்ல சார். இது எங்க நைனா போட்ட குறி."

எல்லாவற்றையும் சொன்னேன். அவர் குனிந்து அந்த வெட்டை உற்றுப் பார்த்தார்.

"அவருக்கு இதக் காட்டணும். ஆனா புஸ்தகத்த வெளிய அனுப்ப விதி இல்ல. அவரத்தான் இங்க வரச் சொல்லணும்."

"வர மாட்டார் சார். விருந்துன்னு எத்தினியோ தபா கூப்பிட்டுட்டேன்."

"விருந்துன்னு ஏன் கூப்பிடறீங்க? வேலைன்னு கூப்பிடுங்க. இங்க பாதி அட்டைங்க வறண்டு வெடிச்சுக் கெடக்குது. இன்னா எண்ணெய் போடலாம்னு வந்து பார்க்கச் சொல்லுங்க."

வேலை என்றதும் நைனா மறுபேச்சுப் பேசவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை பாசஞ்சர் வண்டியில் வந்து இறங்கினார். ஒரு முழுச் சோப்பையும் தேய்த்துத் தீர்த்திருப்பார் போல, கை முட்டியெல்லாம் வெளுத்திருந்தது. ஆனாலும் அறை வாசலில் நின்றுவிட்டார்.

"இங்கேர்ந்தே பார்க்கறேங்கய்யா. எம்மேல வாசனை ஜாஸ்தி."

இங்கேயும் திரும்பிப் போய்விடுவாரோ என்று பயந்தேன்.

நிர்வாகி அருகில் போய், "பெரியவரே, காலைல இந்தக் கதவத் தொறந்ததும் ஒரு வாசனை வரும். தோல் வாசனை. அதுக்காகவே நான் கொஞ்ச நேரம் இங்கியே நிப்பேன். உள்ள வாங்க" என்றார்.

நைனா அவர் முகத்தையே பார்த்தார். கேலி இல்லை என்று தெரிந்த பிறகுதான் காலை உள்ளே வைத்தார்.

புத்தகத்தைக் கையில் கொடுத்ததும் அவர் கட்டைவிரல் தானாக அந்த வெட்டைத் தடவியது. "அட, நம்ம குழி ஆட்டுத்தோலு!" என்றார். பிறகு தோலிடமே, "நான் இன்னும் பட்டணத்தையே பார்க்கல. நீ கப்பலேறி சீமைக்கே போய்ட்டு வந்துட்டியா?" என்று கேட்டார்.

"இத்தினி நாளா சீமைத் தோல்னு ஊர் பூரா பீத்திக்கினு இருந்தேனே!" என்று நிர்வாகி சிரித்த சிரிப்பில் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க வேண்டியதாயிற்று. அடகு வைத்தது அன்றைக்கு மீண்டுவிட்டது.

புங்க எண்ணெயைத் துணியில் தொட்டு லேசாகத் தடவும் விதத்தை நைனா செய்து காட்டினார். சாயங்காலம் நான் கூப்பிடாமலே என் பின்னால் நடந்து வந்து, வீட்டுக்குள் நுழைந்து, சம்மணம் போட்டு உட்கார்ந்தார். நான் ஊற்றிய ரசத்தை உறிஞ்சிவிட்டு, "உப்பு கம்மி, பாப்பா" என்றார். அதைக் கேட்க நான் எத்தனை வருஷம் காத்திருந்தேன்!

இப்போதும் அந்தப் புத்தகத்தில் அந்த மூலைத் தாளை மட்டும் நிர்வாகி ஒட்டாமலே விட்டு வைத்திருக்கிறார். அதைப் பார்க்கும் ஒவ்வொரு தடவையும், என் நைனாவை என் வீட்டுக்குள் அழைத்து வந்த அந்தச் சிடுமூஞ்சி மனிதரை மனசுக்குள் கையெடுத்துக் கும்பிடுகிறேன்.