சுகம் ஐயா

போன கிழமை ஸ்பிரிங்வேலில் டொக்டரிடம் போனேன். முழங்கால்தான். கூட வந்த பேத்தி இங்கிலிஷில் "பெய்ன்" என்று சொல்லி முடித்துவிட்டாள். ஒன்றிலிருந்து பத்துக்குள் எவ்வளவு என்று டொக்டர் கேட்டார். கால் உளைகிறது, அதற்கு என்ன நம்பர் சொல்வது. "நாலு" என்றேன். அறையில் டெற்றோல் மணம். மரகதம் கிடந்த வார்ட்டிலும் இதே மணம்தான்.

மரகதம் என் மனுசி. எழுபதுகளில் மெல்பேர்ண் வந்த புதிது. எனக்கு வெல்டிங் வேலை. இங்கிலிஷ் அரைகுறை, ஃபோர்மன் ஏசினாலும் "தாங்க்யூ" என்பேன். அவளுக்கு அதுவும் வராது. வயிற்று நோவென்று ஆஸ்பத்திரியில் விட்டேன். நோவு கூடினால் ஒப்பரேசன் என்றார்கள்.

பெரிய டொக்டர் இங்கிலாந்தில் நோர்போக் பக்கத்து ஆள். முந்நூறு வருசத்துக்கு முன் அவர் ஊரில் ஒரு வைத்தியர் இருந்தாராம். லத்தீன் எல்லாம் கரைத்துக் குடித்த மனிசன், சனங்கள் பேசுகிற ஊர்ச்சொற்களைப் பொறுக்கி எழுதி வைத்தாராம். அந்த விசர் இவருக்கும் இருந்தது. உங்கள் ஊரில் நோவை எப்படிச் சொல்வீர்கள் என்று என்னைக் கேட்டார். குத்து, எரிவு, கடுப்பு, உளைவு என்று என் வயிற்றைத் தொட்டுத் தொட்டுக் காட்டினேன், கூத்தாடி மாதிரி.

அடுத்த நாளிலிருந்து காலமையில் வந்து, "மரகடம், உளையுதா?" என்பார். அவள் வாயைப் பொத்திச் சிரிப்பாள். "சுகம் ஐயா." அந்தச் சொல்லையும் என்னிடம் கேட்டு வைத்திருந்தார். சுகமென்றால் ஒப்பரேசனுக்கு அவசரமில்லை என்று தள்ளிப் போட்டார்.

ஒருநாள் வேலை முடிந்து போனால் சுருண்டு கிடக்கிறாள்.

"காலமை சுகமெண்டு சொன்னனியாம்?"

"அந்த மனிசன் எங்கட பாசையில கேக்குதப்பா. நோகுதெண்டு சொன்னா மனம் நொந்து போகாதோ?"

"விசரி" என்றுவிட்டு நேர்ஸைக் கூட்டிவர ஓடினேன். உடனே வெட்டிப் பார்த்தார்கள். உள்ளே குடல் வெடித்திருந்தது. அடுத்த நாள் போய்விட்டாள்.

டொக்டர் வந்து பக்கத்துக் கதிரையில் இருந்தார். எங்கள் ஊரில் ஆர் கேட்டாலும் சுகமென்றுதான் சொல்வது, அது மரியாதை என்றேன்.

அந்த ஆஸ்பத்திரியை இடித்துவிட்டார்கள். இப்போது அங்கே கார்கள் நிற்கின்றன. அந்த டொக்டரும் செத்திருப்பார். உளையுதா என்று ஆராவது கேட்டால் நானும் சுகமென்றுதான் சொல்லுவேன். கேட்கத்தான் ஆளில்லை.