எங்கள் வீட்டின் இரண்டாவது ஓட்டு

என் மகள் ஒன்பதாம் வகுப்பு படிக்கிறாள். ஷூ கம்பெனியிலிருந்து நான் வந்ததும் குடிமையியல் பாடத்தை ஒப்பிப்பாள். நான் புத்தகத்தைப் பிடித்துக்கொண்டு சரிபார்ப்பேன். 'இரகசிய வாக்கெடுப்பு' அப்படித்தான் எனக்கும் மனப்பாடமானது.

தேர்தலன்று காலை, எந்தச் சின்னம் என்று என் கணவர் வழக்கம்போல் சொல்லிவிட்டார். ஓட்டுப் போட்டுவிட்டு மாதனூர் கடைத்தெரு வழியாகத் திரும்பும்போது கேட்டார்.

"நான் சொன்னதுக்குத்தான போட்ட?"

"அத யாருக்கும் சொல்ல வேணாமாம். பாப்பா பாடத்துல இருக்குது."

அவர் நின்றுவிட்டார்.

"சரி, அப்ப நானும் சொல்லமாட்டேன்."

"நீங்கதான் காலையிலேயே சொல்லிட்டீங்களே."

"உள்ள போயி வேற பட்டன அமுக்கியிருந்தா இன்னா பண்ணுவ?" என்று சிரித்தபடி நடந்தார்.

இத்தனை வருடமும் ஒரே ஓட்டைத்தான் நாங்கள் இரண்டு பேராகப் போய்ப் போட்டிருக்கிறோம். இந்த முறை அவர் யாருக்குப் போட்டார் என்று தெரியவில்லை. கேட்கவும் மாட்டேன்.