மீன்கடை மாக் அக்காவின் குனிவு

கெண்டை மீனுக்குச் செதில் சீவும்போதும் மாக் காம்-ஃபுங் குங்ஃபூவின் குதிரை நிலையில்தான் நிற்கிறார். கால்கள் அகன்று, முழங்கால் மடங்கி, இடுப்பு தாழ்ந்து, முதுகு நிமிர்ந்து இருக்கும். தென்சீனாவில், எங்கள் ஃபோஷான் சந்தையில் முக்காலி இல்லாத கடை அவருடையது ஒன்றுதான். எடை போடுவது, குடல் எடுப்பது, பேரம் பேசுவது எல்லாம் அந்த நிலையிலேயே. முட்டி வலிக்காதா என்று கேட்டால், "வலிக்குதுன்னு உக்காந்தவங்கதான் இப்ப எந்திரிக்க முடியாம கெடக்குறாங்க. நான் உக்காரவே இல்லையே!" என்பார்.

வயது அறுபத்து மூன்று. சந்தை மூடியதும் ரப்பர் பூட்ஸைக்கூடக் கழற்றாமல் பாலத்தடிக்கு வந்துவிடுவார். முடிதிருத்துபவர், பேருந்து ஓட்டுநர், பல் மருத்துவர் என்று ஒரு சிறு கூட்டம் அங்கே காத்திருக்கும். அவர்களுக்குக் குங்ஃபூவின் புலி-நாரை அடவு வரிசை பழக்குகிறார். புலிக்கு விரல்கள் நகமாக வளைய வேண்டும். நாரைக்கு அலகாகக் குவிய வேண்டும். "பல்லைப் புடுங்குறப்ப மட்டும் பலம் வருது, இங்க வந்தா வாழைத்தண்டா? இடுப்ப இறக்குங்க டாக்டரே!" என்ற அதட்டல் மறுகரைக்கும் கேட்கும்.

காலஞ்சென்ற குரு ஹோ கற்றுக்கொடுத்ததில் ஒரு விரலைக்கூட மாற்றவில்லை என்பது அவருடைய பெருமை. புலி நாரையாக மாறும் இடத்தில் தலையைச் சட்டென்று தாழ்த்தி, இடப்பக்கம் நழுவி எழுவார். இந்தக் குனிவு வேறு எந்தப் பள்ளியிலும் இல்லை. "குருவோட ரகசியம். தலைக்கு வர்ற கம்பு அப்படியே மேல போயிடும்."

பாலத்துக்கு அப்பால் கண்ணாடிச் சுவர் வைத்த பயிற்சிக்கூடம் நடத்தும் இளைஞன் குவானுக்கு இது வேடிக்கை. "அக்கா, அது குங்ஃபூ இல்ல. மேசைக்கடியில செருப்பு தேடுறது." அவன் சிரித்துக்கொண்டுதான் சொன்னான். ஆனால் பாலத்தடியிலிருந்து இரண்டு பேர் அவனிடம் போய்விட்டார்கள். மற்றவர்களும் யோசித்துக்கொண்டிருந்தார்கள்.

அந்த நேரத்தில்தான், மலேசியாவின் ஈப்போவில் குடியேறிவிட்ட, குரு ஹோவின் மூத்த சீடர் லோ ஊருக்கு வரும் செய்தி கிடைத்தது. "அண்ணன் வரட்டும். அவரு ஒரு வார்த்தை சொன்னாப் போதும்" என்று அக்கா குவானையும் அழைத்துவிட்டார்.

மே பதினொன்று, ஞாயிறு, காலை ஏழேகால். லேசான தூறல். அக்கா வரிசையைத் தொடங்கினார். குனிவு வந்ததும், லோவுக்குக் குடித்துக்கொண்டிருந்த சோயாப்பால் புரையேறியது.

"அடியே காம்-ஃபுங்! அது தையல்காரி சாவ் கட்டின துணிக்கொடிடி! நாம பழகுன மொட்டை மாடியில குறுக்க கட்டியிருந்தா. ஈர பேன்ட் மூஞ்சில அறையாம இருக்கக் குனிவோம். நீ வந்து சேர்றதுக்கு முன்னாடியே அவ கொடிய அவுத்துக்கிட்டு வீடு மாறிட்டாளே, நீ எங்கேர்ந்து இதப் புடிச்ச?"

"உங்களப் பாத்துத்தாண்ணே."

"என்னையா? கொடி போனப்புறம் நான் ஏன் குனியப்போறேன்?"

குவான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். பல் மருத்துவர் தன் காலணியையே பார்த்துக்கொண்டிருந்தார். அக்காவின் காதுமடல் சிவந்துவிட்டது; இடுப்பு மட்டும் ஓர் அங்குலம்கூட உயரவில்லை.

"சரிண்ணே. கொடி இல்லாத வரிசைய நீங்க போட்டுக் காட்டுங்க. திருத்திக்கிறேன்."

லோ மூக்குக்கண்ணாடியைக் கழற்றி முடிதிருத்துபவரிடம் கொடுத்தார். எழுபது கடந்த கைகளில் புலி மெல்ல எழுந்தது. நகம் பாய்ந்தது, திரும்பியது. நாரையாக மாறும் இடம் வந்தது. அவருடைய தலை சட்டென்று தாழ்ந்து, உடல் இடப்பக்கம் நழுவியது.

பாதிக் குனிவில் அவர் அப்படியே நின்றுவிட்டார். குவானின் சிரிப்பு நின்றது.

மாக் அக்கா பூட்ஸ் சளசளக்க முன்னால் வந்தார். அண்ணன் தலைக்குமேல் வெறும் காற்றில் இரண்டு விரல்களை நீட்டி, ஈரத்துணி அவர்மேல் படாதபடி கொடியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டார்.