படகின் அடியில் திணித்த வைக்கோல்

அந்தப் படகை உடைத்தவன் நான். என் அக்காள் புருஷன் சுருளி அல்ல. அவர் ஓட்டிய வண்டியும் அல்ல, வழியில் கிடந்த கல்லும் அல்ல. நான்தான்!

சொல்லிவிட்டேன். சொன்னால் நெஞ்சு லேசாகும் என்பார்களே... ஒன்றும் ஆகவில்லை. இருப்புக்கொள்ளாமல் எழுந்து நடந்துவிட்டு மறுபடியும் வந்து உட்கார்ந்திருக்கிறேன். நீங்களாவது பாதியில் எழுந்து போய்விடாதீர்கள்.

நான் போடிநாயக்கனூரில் வண்டிப் பட்டறை வைத்திருக்கும் தச்சன். மலைத்தோட்டத்துத் துரை ஒருவருக்கு ஏரியில் சுற்றிவர ஆசை பிறந்தது. சீமையிலிருந்து சிறிய மோட்டார் படகொன்றை வரவழைத்தார். போடி வரை வந்துவிட்ட அதைக் குரங்கணி வரை மாட்டுவண்டியில் கொண்டுபோக வேண்டும். அங்கிருந்து ஆட்கள் மலைமேல் தூக்கிச் செல்வார்கள். படகின் பின்பக்கத்தில் கனத்த எந்திரம் ஒன்றைப் பொருத்தியிருந்தார்கள். அதைக் கழற்றத் தெரிந்தவன் மேலிருந்து குரங்கணிக்குத்தான் இறங்கி வருவான், அதுவரை யாரும் தொடக் கூடாது என்று உத்தரவு.

ஊரில் எவனும் படகு ஏற்ற வண்டி செய்ததில்லை. நான் செய்தேன்! சுருளி மச்சானின் வண்டியையே எடுத்துக்கொண்டேன். படகின் வயிற்று வளைவுக்குத் தக்கபடி தாங்குகட்டைகளைச் செதுக்கி, முன்னும் நடுவும் பின்னுமாக வண்டிச் சட்டத்தோடு முடுக்கினேன். பின்கட்டை நேராக எந்திரத்தின் அடியில் உட்கார்ந்தது. பாரத்தில் பெரும்பங்கு அதன்மேல்தான். படகு அசையாமல் உட்கார்ந்த அழகைப் பார்க்கக் கடைவீதியே கூடிவிட்டது. "குரங்கணி போய்ச் சேர்ற வரைக்கும் இதுல ஒரு ஆணியத் தொட வேண்டாம்!" என்று அத்தனை பேர் முன்னாலும் மார்தட்டினேன். அந்த வாய்... அந்த வாய்தான் பிறகு என்னைக் கட்டிப்போட்டது.

எதை மறந்தேன் தெரியுமா? ஏற்றத்தை! சமதரையில் வைத்துப் பாரம் பார்த்தேன். மேட்டில் ஏறும்போது பாரம் பின்னால் சாயும். நுகத்தடி மேலே தூக்கும். கழுத்துக் கயிறு மாட்டின் குரல்வளையை இறுக்கும். அதனால் ஏற்றம் தொடங்கும் இடத்தில் வண்டியை நிறுத்தி, மூட்டைகளை முன்னால் தள்ளிக்கொண்டு ஏறுவதுதான் எங்கள் பக்கத்து வழக்கம். மச்சான் ஓட்ட நானும் கூடப் போன அன்றும் மாடுகள் திணறின. மச்சான் வண்டியை நிறுத்தினார்.

"மாப்ளே, பின்பாரமா இருக்கு. மாட்டுக்குக் கழுத்து நெரியுது. முன்னால தள்ளணும்ப்பா."

கூட வந்த ஆட்கள் நெம்புகோல் போட்டுப் படகை ஒரு முழம் முன்னால் நகர்த்தினார்கள். மாடுகள் மூச்சு விட்டன. ஆனால்... மூட்டையா அது? படகு நகர்ந்தது, என் கட்டைகள் நகரவில்லை! எந்திரம் பின்கட்டையை விட்டு விலகி, அடியில் ஒன்றுமே இல்லாத இடத்துக்கு வந்துவிட்டது.

மச்சான் கண்ணுக்கும் அது தப்பவில்லை. "பின்கட்டையவும் முன்னால கொண்டாந்து போட வேணாமா?"

வேண்டும். படகைச் சற்று நேரம் தூக்கிப் பிடித்தால் போதும், மாற்றி முடுக்கிவிடலாம். ஆட்கள் இருந்தார்கள், என் கருவிப்பையும் இருந்தது. ஆனால் அந்த ஆட்கள் கடைவீதியில் என் பேச்சைக் கேட்டவர்கள். சிலமலை ஊர்க்காரன் ஒருவன் சிரித்துக்கொண்டே, "என்ன ஆசாரி, ஆணியத் தொடணுமோ?" என்றான்.

அவ்வளவுதான்! மாட்டுக்கென்று எடுத்து வந்த வைக்கோலைச் சாக்கில் அடைத்து, அந்த இடைவெளியில் கெட்டியாகத் திணித்தேன்.

"தாங்கும் மச்சான். நீங்க ஓட்டுங்க."

"நீ சொன்னாச் சரி" என்று அவர் கயிற்றைப் பிடித்தார்.

ஓடையைக் கடக்கையில் சக்கரம் ஒரு கல்லில் ஏறி இறங்கியது. பெரிய கல்லல்ல. மச்சான் கயிற்றை இழுத்துப் பிடித்து, மாட்டோடு பேசிக்கொண்டே பையத்தான் இறக்கினார். இருந்தும் படகின் அடியில் மரம் விரிசல் விடுகிற ஓசை என் காதில் விழுந்தது. தச்சனுக்குத் தெரியாதா அந்த ஓசை? வண்டியை நிறுத்தச் சொல்லவில்லை.

குரங்கணி போய்ச் சேர்ந்ததும் முதல் வேலையாகச் சாக்கை உருவி, வைக்கோலை மாடுகளின் முன்னால் உதறினேன். என் குற்றத்தின் சாட்சியை மாடுகள் தின்று தீர்த்தன!

எந்திரத்தைக் கழற்றியபோது எல்லாம் தெரிந்துவிட்டது. அடிமரம் முறிந்து, பலகைகள் பிளந்து கிடந்தன. தோட்டத்துக் கங்காணி பாய்ந்து வந்தார்.

"எவன் பார்த்த சோலிடா இது? கல்லுல ஏத்துனியா?"

மச்சான் என் பக்கம் திரும்பினார்.

"மாப்ளே, நீ கூடத்தான வந்த. நான் வெரசாவா ஓட்டுனேன்?"

கேளுங்கள், நான் சொன்ன பதிலைக் கேளுங்கள்!

"ஆமா மச்சான். ஓடையில கொஞ்சம் வெரசாத்தான் எறக்கிட்டீங்க."

அவர் என்னை அடித்திருக்கலாம். பொய் என்று கத்தியிருக்கலாம். செய்யவில்லை... நம்பினார்! காலமெல்லாம் கயிறு பிடித்த தன் கையை நம்பாமல் என் வாயை நம்பினார். "பொறுத்துக்கோங்க சாமி, என் தப்புதான்" என்று கங்காணியைக் கும்பிட்டார். அவரே ஒப்புக்கொண்ட பிறகு, வைக்கோலைப் பார்த்த ஆட்களும் அதைக் கிளறவில்லை.

அதுவரை அவர் ஏற்றிவந்த தோட்டத்து ஏலக்காய் மூட்டைகள் அன்றோடு நின்றன. துரையின் படகை உடைத்தவன் என்ற பேர், அவர் போன இடமெல்லாம் அவருக்கு முன்னால் போயிற்று. ராசிங்காபுரத்து வியாபாரிகளும் சரக்குத் தரவில்லை. வண்டியையும் மாடுகளையும் விற்றுவிட்டுக் தோட்டக் கூலியாகக் கண்டிச் சீமைக்குக் கப்பலேறினார். அக்காள் என் வீட்டுக்கு வந்தாள். சோறு போடும்போதெல்லாம், "அந்த மனுசனுக்கு எப்பவும் அவசரந்தான் தம்பி" என்று மூக்கைச் சிந்துவாள். நான் தலையாட்டிக்கொண்டே தின்றேன். சீ! எப்படி இறங்கியது எனக்கு?

ஏன் அப்போதே சொல்லவில்லை என்கிறீர்களா? முதல் வாரம் பட்டறை போய்விடும் என்று பயந்தேன். பிறகு அக்காள் முகத்துக்குப் பயந்தேன். பிறகு... பயப்படுவது பழகிவிட்டது.

பல வருடங்கள் கழித்து மச்சான் திரும்பி வந்தார். காய்ச்சலில் உருக்குலைந்து போயிருந்தார். நான் நல்ல மரமாகப் பார்த்து ஒரு வண்டி செய்தேன், ஒரு ஜோடி காளையும் பிடித்தேன். உண்மைக்குப் பதிலாக வண்டி! என் புத்தி அப்படித்தான் போயிற்று. வாசலில் கொண்டுவந்து நிறுத்தி, "மச்சான், இது உங்களுக்கு" என்றேன்.

அவர் காளையின் நெற்றியைச் சொறிந்தார். நுகத்தடியைத் தடவிப் பார்த்தார். ஏறிவிடுவார் என்று நானும் அக்காளும் காத்து நின்றோம். கையை எடுத்துக்கொண்டார்.

"வேணாம் மாப்ளே. இது நிதானமில்லாத கை. நீதான் கண்ணால பார்த்தேல்ல."

அப்போதாவது சொன்னேனா? "சரி மச்சான்" என்றேன்!

இப்போது காலையில் என் பட்டறைக்கு வந்து உட்கார்ந்துகொள்கிறார். வண்டி பழுது பார்க்க வருகிறவர்களிடம் தவறாமல் சொல்லி அனுப்புகிறார்: "ஓடையில பைய எறக்குங்கப்பா. அவசரப்பட்டு நான் கெட்டேன்." உளியைக் கையில் பிடித்தபடி, பக்கத்தில் நின்று நானும் அதைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.