லலிதா அக்காவின் கேமராவில் கடைசிப் படம்

லலிதா அக்கா போய்விட்டார். காலையில் ஆஸ்பத்திரியிலிருந்து போன். கரமனையில் அவர் வீட்டுக்குப் போய்விட்டு இப்போதுதான் லேபுக்கு வந்தேன்... கை எந்த வேலைக்கும் போகவில்லை.

கிழக்கேகோட்டையில் எங்களுடையது சின்ன பிளட் லேப். மைக்ராஸ்கோப்புக்கென்று கேமரா வாங்க முதலாளிக்கு மனசு வரவில்லை. அக்காவே தன் வீட்டு டிஜிட்டல் கேமராவைக் கொண்டுவந்தார். மாத்திரை டப்பாவின் அடியை வெட்டி, கண் வைத்துப் பார்க்கும் ஐபீஸில் மாட்டி, அதில் லென்ஸைப் பதித்து... கிளிக். சந்தேகமான ஸ்லைடு எல்லாம் அப்படித்தான் பெரிய டாக்டருக்குப் போகும்.

"எடீ, ஃபேனை ஆஃப் பண்ணு. யாரும் நடக்கப்படாது, கேட்டியா?"

மேஜை அதிர்ந்தால் படம் கலங்கிவிடும். வியர்த்து வழிய நாங்கள் எல்லாரும் அப்படியே நிற்போம்.

அந்தக் கேமராவுக்கு ஒரு கிறுக்கு. ரத்த அணுவைப் பார்த்து முகம் என்று நினைத்து மஞ்சள் கட்டம் போடும். "பாரு, இவனும் போஸ் குடுக்கறான்!" அக்கா சிரிப்பார். அந்த செட்டிங்கை மாற்றவே விடமாட்டார்.

போன மழைக்காலத்தில் ரொம்பச் சோர்ந்திருந்தார். ஒரு மத்தியானம் ஸ்லைடு பார்க்கக் குனிந்தவர் நிமிரவே இல்லை. அப்புறம் ஃபேனை நிறுத்தச் சொன்னார்.

எட்டிப் பார்த்தேன்... ஸ்கிரீன் முழுக்க வெள்ளணுக்கள். இருக்கக்கூடாத அளவுக்கு, ரத்தப் புற்றில் பார்ப்பதுபோல. மஞ்சள் கட்டம் விழுந்தது, அக்கா சிரிக்கவில்லை.

"யாரோடது அக்கா?"

"என்னோடதுதான். டாக்டருக்கு அனுப்பணும். ஆடாம நில்லு."

நின்றேன். வேறென்ன செய்ய?

அதற்குப் பிறகு அந்தக் கேமராவை யாரும் தொடவில்லை.

இன்றைக்கு அவர் வீட்டில் அத்திம்பேர், அக்காவின் கணவர், கேட்டார். "பேப்பர்ல போட நல்ல போட்டோ ஒண்ணும் இல்லேம்மா. ஆதார்ல இருக்கறது அவளே இல்லை. அந்தக் கேமராவுல உண்டோன்னு ஒண்ணு பாரேன்."

லேபுக்கு வந்ததும் எடுத்துப் பார்த்தேன். ஓணத்துக்குப் பட்டுச் சேலையில் நாங்கள் எல்லாரும் இருக்கிறோம். எடுத்தவர் அக்கா, அதனால் அவர் இல்லை. மீதி எல்லாம் யார் யாருடைய ரத்தமோ.

கடைசிப் படம் மட்டும் அவருடையது.

அத்திம்பேர் இரண்டு முறை கூப்பிட்டுவிட்டார். போனை எடுக்கத் தைரியம் இல்லை.

போய் வாங்க அக்கா... ஃபேனை நிறுத்திட்டேன்.