நான் எடுக்காத பெற்றோல் பம்ப்

வெளிநாட்டுச் சாமான்கள் வருவது நின்றுபோயிருந்த எழுபதுகளில்தான் என் காரின் பெற்றோல் பம்ப், தாங்கியிலிருந்து எஞ்சினுக்குப் பெற்றோல் இழுக்கும் அந்தச் சாமான், செத்தது. இணுவில் சந்தியில் வாடகைக்கு, ஹயர் ஓடிய பழைய கார். திருவிழாக் காலத்தில் அளவெட்டி நாதஸ்வரக் கோஷ்டி ஒன்றைக் கோயில் கோயிலாக ஏற்றித் திரிந்தது நான்தான். அந்த ஓட்டம் போனால் வருசமே போச்சு. மற்ற ஓட்டங்கள் சந்தியில் வரிசைப்படி. ஆனால் கோஷ்டி யாருடைய காரில் ஏறிப் பழகியதோ, அவனை மீறி இன்னொருவன் ஏற்றமாட்டான். அப்படித்தான் எல்லோரும் இருந்தோம்.

யாழ்ப்பாணத்துப் பழைய சாமான் கடைக்கு என்னோடு வந்தவன், சந்தியில் எனக்குப் பக்கத்தில் கார் விடும் கூட்டாளி. அவனுடையதும் அதே மாதிரிக் கார். கடைக்காரர் இரண்டு பம்ப் எடுத்து வைத்தார். ஒன்று உடைத்த காரில் கழற்றியது. எண்ணெய்ப் பிசுக்கு, மூடியில் ஒரு வெட்டு. மற்றது பளபளவென்று, உள்ளே புது ரப்பர் போட்டதாம். பம்பின் வாயைப் பெருவிரலால் பொத்தி, அதன் கையை அமத்திப் பார்த்தேன். பழையது விரலைப் பிடித்து இழுத்தது. பளபளப்பு சும்மா தொட்டுவிட்டு விட்டது.

“உந்தப் பழசை விடு மச்சான். உது இண்டைக்கோ நாளைக்கோ. புதுசை எடு, நான் சொல்லுறன்,” என்றான் கூட்டாளி.

என் விரலை நம்பாமல் அவன் வாயை நம்பினேன். மடையன்.

தேரன்று, மேளமும் ஆட்களுமாகத் தோட்டங்களுக்கு நடுவே கார் நின்றது. சொட்டுப் பெற்றோல் ஏறவில்லை. அவர்கள் வெயிலில் இறங்கி நிற்க, எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல் இருந்தது. பின்னால் கூட்டாளி வெறும் காரோடு வந்தான். தெய்வமே வந்த மாதிரி மகிழ்ந்து, மேளத்தை நானே தூக்கி அவன் காரில் வைத்தேன்.

இரண்டு நாள் கழித்துச் சந்தியில் அவன் தன் காரின் பொனற்றைத் திறந்தான். மூடியில் வெட்டு விழுந்த அந்தப் பம்ப் உள்ளே இருந்தது. கேட்டேன்.

“என்ரை பம்பும் சாகக் கிடந்தது. அங்கை நல்லது ஒண்டுதான் இருந்தது. நான் என்ன செய்ய?” என்றான், றேடியேற்றருக்குத் தண்ணீர் ஊற்றுவதை நிறுத்தாமல்.

அடிக்கக் கை வந்தது, அடிக்கவில்லை. அடித்திருக்க வேண்டும் என்றுதான் இன்றும் நினைக்கிறேன்.

வேறு பம்ப் தேடிப் பூட்டிவிட்டு, மற்ற ஓட்டங்களை ஓடிக்கொண்டே காத்திருந்தேன். கோஷ்டி என்னைக் கூப்பிடவேயில்லை. ஒருநாள் நின்றதற்கு இப்படியா என்று அவர்களிலும் எனக்குக் கோபம். ஆவணியில் கோயில் வீதியொன்றில் மூத்த நாதஸ்வரக்காரரைக் கண்டேன்.

“எத்தினை தரம் சந்திக்கு ஆள் அனுப்பினனாங்கள், தம்பி! ஒருக்காலும் நீர் அங்கை நிக்கேல்லை. காரை வித்துப்போட்டீராம் எண்டு உம்மடை கூட்டாளி சொன்னார். எங்களுக்கு ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாமே?”

அவருக்கு உண்மையாகவே மனத்தாங்கல். சொல்ல வாய் திறந்தேன். என்னோடு பத்து வருசம் ஒரே கோப்பையில் தேத்தண்ணி குடித்தவன் இப்படிச் செய்தான் என்று இன்னொருவரிடம் சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது. என் கார் நூறு அடி தள்ளி, வேப்பமரத்தின் கீழ் நின்றது.

“ஓம் அண்ணை,” என்றேன். “வித்துப்போட்டன்.”